கையில் அதிகாரம் இல்லை சரி, வாயுமா இல்லை?

2025 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து பதின்மூன்று நாட்கள் ரிப்பன் மாளிகைக்கு வெளியே நடைபாதையில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பையைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களைப் பணி நிரந்தரம் செய். இந்த இரண்டே கோரிக்கைகள்தான். உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் பட்டியல் சாதியினர். மாதம் 23 ஆயிரத்தை ஒட்டி வந்துகொண்டிருந்த சம்பளம் தனியாரிடம் போனால் 16, 17 ஆயிரமாகச் சுருங்கும் என்பது அவர்களின் அச்சம். 13ஆம் தேதி நள்ளிரவில், உயர்நீதிமன்ற உத்தரவைக் காட்டி, காவல்துறை அவர்களைக் கைது செய்து பேருந்துகளில் ஏற்றியது.

நானும் மூன்று நாள் மாலையில் அந்த நடைபாதைக்குப் போனேன். தண்ணீர் பாட்டில் தூக்கிக் கொடுத்ததைத் தவிர பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. ஆனால் அந்த நாட்களில் தொலைக்காட்சி விவாதங்களிலும் முகநூலிலும் மாநகராட்சிக்காக வாதாடிய நண்பர்களிடமிருந்து ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. "நிரந்தரம் செய்வது மாநகராட்சி கையில் இல்லை தோழர், அது அரசின் கொள்கை முடிவு."

இந்தப் பதிலை நான் மறுக்கப் போவதில்லை. அது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அடுத்த கேள்விக்குப் பதில் வேண்டும். உங்கள் கையில் இல்லாத ஒன்றை, அதைக் கையில் வைத்திருக்கும் அரசிடமும் சட்டமன்றத்திடமும் நீங்கள் கேட்டீர்களா? ரிப்பன் மாளிகையிலிருந்து கோட்டைக்கு மூன்று கிலோமீட்டர் தூரம் கூட இருக்காது.

பல் பிடுங்கப்பட்ட மாமன்றம்

மாநகராட்சி பலவீனமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த நகரத்தின் கழிவுநீர் 1978 முதல் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. குடிசைப் பகுதிகள் 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்தின் பொறுப்பு. 2021இல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்பதை சி.எம்.டி.ஏ. முடிவு செய்கிறது. பேருந்து, காவல் எல்லாமே மாநில அரசு. கமிஷனர் அரசு அனுப்பும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பணிகளை உள்ளாட்சிகளுக்கு என்று எழுதி வைத்தது. அதில் குடிசைப் பகுதி மேம்பாடும் உண்டு, நகர்ப்புற வறுமை ஒழிப்பும் உண்டு. ஆனால் மாநிலச் சட்டமன்றம் சட்டம் போட்டுக் கொடுத்தால்தான் அந்த அதிகாரம் நகரத்துக்கு வரும். முப்பது ஆண்டுகளாக எந்தக் கட்சியும் முழுதாகக் கொடுக்கவில்லை.

மாமன்றம் இருக்க வேண்டுமா வேண்டாமா என்பதே மேலிருப்பவர்களின் விருப்பம். 1973இல் மஸ்டர் ரோல் ஊழலைக் காரணம் காட்டி மாநில அரசு மாமன்றத்தைக் கலைத்தது. அடுத்த தேர்தல் 1996இல்தான் நடந்தது. 2016இல் பதவிக்காலம் முடிந்த மாமன்றத்துக்கு மறுபடி தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 28 ஆண்டுகள் இந்த நகரம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமலேயே ஓடியிருக்கிறது. தூய்மைப் பணியாளர்கள் இல்லாமல் ஒரே ஒரு வாரம் ஓடுமா என்று யோசித்துப் பாருங்கள்.

மேயரை யார் தேர்ந்தெடுப்பது என்பதும் அப்படித்தான். 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள். 2006, 2022 தேர்தல்களில் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். சட்டத்தைத் திருத்தித் திருத்தி விளையாடியது கோட்டை. 1996இல் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மேயர் மு.க. ஸ்டாலின். ஒருவர் இரண்டு பதவிகளில் இருக்கக் கூடாது என்று 2002இல் அன்றைய ஆட்சி சட்டமன்றத்தில் கொண்டுவந்த திருத்தத்தால் மேயர் நாற்காலியை இழந்தவரும் அவரே. சட்டமன்றம் நினைத்தால் ரிப்பன் மாளிகையை என்ன செய்ய முடியும் என்பதை ஸ்டாலினை விட நன்றாக அனுபவித்தவர் யாரும் இல்லை.

ஆக, நகரத்தின் பல் பிடுங்கப்பட்டிருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பல் இல்லாத வாயும் பேசும். இந்த வாய் எதைப் பேசுகிறது, எதைப் பேசாமல் விடுகிறது என்பதுதான் என் வழக்கு.

கேட்டதெல்லாம் கிடைத்திருக்கிறது

கேட்கத் தெரியாத மன்றம் இல்லை இது. மழைநீர் வடிகாலுக்குப் பணம் கேட்டால் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனும் ஜெர்மன் வங்கிக் கடனும் அரசு வழியாக வருகின்றன. சிங்காரச் சென்னை என்று கேட்டால் திட்டமும் நிதியும் வருகின்றன. கவுன்சிலர்களுக்கு மதிப்பூதியம் வேண்டும் என்ற கோரிக்கை மாநிலம் முழுக்க எழுந்தது. 2023இல் மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10 ஆயிரம், மேயருக்கு 30 ஆயிரம் என்று அரசு அறிவித்தது.

அந்த மதிப்பூதியத்தை நான் குறை சொல்லவில்லை. சம்பளமே இல்லாத பதவி என்றால் காசு உள்ளவர்கள் மட்டும்தான் கவுன்சிலராக முடியும். கூலி வேலைக்குப் போகும் பெண்ணொருத்தி தனித்தொகுதி வார்டில் ஜெயித்தால் அவள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். நியாயமான கோரிக்கை, கேட்டார்கள், கிடைத்தது. நான் சொல்ல வருவது இதுதான்: கேட்டால் கிடைக்கிறது. உழைக்கிறவர்களுக்கு ஊதியம் வேண்டும் என்ற நியாயம் மாமன்றத்துக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பொருந்தும்போது, வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஏன் பொருந்தவில்லை?

அமெரிக்காவில் பல நகரங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. மாநிலச் சட்டமன்றம் கூடுவதற்கு முன்னால், இந்த ஆண்டு எங்கள் நகரத்துக்கு நீங்கள் செய்ய வேண்டியவை இவை என்று முன்னுரிமைப் பட்டியல் போட்டு நகர நிர்வாகம் வெளியிடும். அதைத் தூக்கிக்கொண்டு தலைநகரத்துக்குப் போய் உறுப்பினர்களிடம் பேசுவதற்கு ஆட்களும் உண்டு. சியாட்டில் அப்படி ஒரு நகரம். 2023 பிப்ரவரி 21 அன்று பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் சாதியைச் சேர்த்த முதல் அமெரிக்க நகரமும் அதுதான். அதே ஆண்டில் கலிபோர்னிய சட்டமன்றம் மாநிலம் முழுமைக்கும் அப்படி ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அக்டோபரில் ஆளுநர் அதை நிராகரித்தார். தோல்விதான். ஆனால் யார் கேட்டார்கள், யார் மறுத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஊர்ப் பட்டியல்களில் ஏழைகளின் கோரிக்கைதான் முதலில் நிற்கிறது என்று நான் சொல்லவில்லை. பட்டியல் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதன் மீது சண்டை போட முடிகிறது. இங்கே நகரம் மேலே கேட்பவை தனித்தனித் தீர்மானங்களாகவும் கோப்புகளாகவும் சிதறிக் கிடக்கின்றன. எது முதலில், எது கடைசியில், எது பட்டியலிலேயே இல்லை என்று யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பது யாருக்கு வசதி?

நகரம் முன்னால் போய் மாநிலம் பின்னால் வந்த வரலாறு நமக்கே உண்டு. 1920 செப்டம்பரில், நீதிக்கட்சியின் தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க மன்றம் முடிவெடுத்தது. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. அந்தப் பள்ளிகளில் 1922-23இல் 811 ஆக இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை இரண்டே ஆண்டுகளில் 1,671 ஆனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடுத்து, 1925 ஏப்ரலில் அது நின்றது. ஆனால் அந்தச் சிற்றுண்டி விதைதான் பின்னால் மதிய உணவாகவும் காலை உணவாகவும் முளைத்தது. புளியந்தோப்பில் மாநகராட்சிப் பள்ளியில் மதியச் சோறு தின்று வளர்ந்தவன் நான். அந்த மன்றத்துக்கும் அதிகாரம் குறைவுதான். ஆனாலும் அது முடிவெடுத்தது, செலவழித்தது, தடுக்கட்டும் பார்க்கலாம் என்று நின்றது.

இன்றைய மன்றம் எந்தப் பக்கம் நின்றது? இரண்டு மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்கும் முடிவு மன்றத் தீர்மானத்தின் வழியாகவே வந்தது. அந்தத் தீர்மானத்தை ரத்து செய்யக் கோரித்தான் தொழிலாளர்கள் உயர்நீதிமன்றம் போனார்கள். நிரந்தரம் செய்ய அதிகாரம் இல்லாத மன்றத்துக்கு, கைகழுவ மட்டும் அதிகாரம் இருந்திருக்கிறது.

மூன்று அட்டைகள்

என் அத்தை ஒருவர் சென்னைக்கு வெளியே ஒரு நகராட்சியில் குப்பை அள்ளுகிறார். ஊர் பெயர் வேண்டாம், அவர் வேலை முக்கியம். பதினான்கு ஆண்டுகளாக அதே தெருக்கள், அதே தள்ளுவண்டி. இடையில் ஒப்பந்ததாரர் மூன்று முறை மாறிவிட்டார். அத்தையிடம் மூன்று நிறத்தில் மூன்று அடையாள அட்டைகள் இருக்கின்றன. "எத்தன வருசமா வேல செய்யற அத்த?" என்று போன பொங்கலுக்குக் கேட்டேன். "அட்டப்படி ரெண்டு வருசம்பா" என்றார்.

ஒப்பந்தம் என்பதன் முழு விளக்கமும் அந்தப் பதிலில் இருக்கிறது. ஒவ்வொரு டெண்டருக்கும் தொழிலாளி புதிதாகப் பிறக்கிறார். பணிமூப்பு போகிறது, பணிக்கொடை போகிறது, வருங்கால வைப்பு நிதி எந்தக் கணக்கில் இருக்கிறது என்று தேடி அலைய வேண்டியிருக்கிறது. விபத்து நடந்தால் முதலாளி யார் என்பதிலேயே வழக்கு தொடங்குகிறது.

இது வெறும் தொழிலாளர் பிரச்சினை என்று நினைக்கிற தோழர்களுக்குச் சொல்கிறேன். அரசுப் பணியிடம் என்றால் இனச்சுழற்சி உண்டு, இட ஒதுக்கீடு உண்டு, பணியில் இறந்தால் வாரிசுக்கு வேலை உண்டு. தனியார் ஒப்பந்தத்தில் இட ஒதுக்கீடு இல்லை. ஆனால் சாதி மட்டும் அப்படியே இருக்கிறது. அருந்ததியர், ஆதிதிராவிடர் தெருக்களிலிருந்துதான் அந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். குப்பை அள்ளும் இடத்தில் நூற்றுக்கு நூறு நமக்கே 'ஒதுக்கீடு'. அதே வேலைக்குச் சம்பளமும் பாதுகாப்பும் வரும் இடத்தில் ஒதுக்கீடு காணாமல் போகிறது. தனியார்மயம் என்பது சமூகநீதியைப் பின்வாசல் வழியாக வெளியேற்றுவது என்று சொல்வதற்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

நம் இயக்கத் தலைவர்களிடமிருந்தே ஆகஸ்டில் ஒரு மறுப்பு வந்தது. நிரந்தரம் கேட்பது, குப்பை அள்ளுகிறவன் தலைமுறை தலைமுறையாகக் குப்பையே அள்ளட்டும் என்று சொல்வதாகாதா? அந்த வேலையிலிருந்து மக்களை மீட்பதல்லவா அம்பேத்கரியம்? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், எளிதில் தள்ளிவிட மாட்டேன். சாதித் தொழிலிலிருந்து வெளியேறுவதுதான் நம் இலக்கு. ஆனால் வெளியேறுவதற்கு ஒரு ஏணி வேண்டும். மாதம் பிறந்தால் உறுதியாக வரும் சம்பளம்தான் அந்த ஏணி. அம்மாவுக்கு நிரந்தர வேலை இருந்தால் மகள் கல்லூரிக்குப் போகிறாள். அம்மா ஒப்பந்தக் கூலியாக இருந்தால் மகளும் பத்தாவதோடு தள்ளுவண்டிக்கு வருகிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது. 2019 நவம்பரில் கோவை மாநகராட்சி 549 நிரந்தரத் துப்புரவுப் பணியிடங்களை அறிவித்தபோது ஏறக்குறைய 7,000 பேர் வரிசையில் நின்றார்கள். அதில் பொறியியல் படித்தவர்களும் பட்டதாரிகளும் இருந்தார்கள். அரசு வேலை, நிலையான சம்பளம் என்றதும் படிப்பின் கூச்சம் எங்கே போனது? இந்த வேலையோடு ஒட்டிக்கிடக்கும் சாதியைப் பிரிப்பதற்கு நாம் கண்ட வழிகளில் கண்ணியமான சம்பளமும் திறந்த தேர்வும் போல வேலை செய்தது வேறில்லை. வேலைக்கு வந்த பிறகு துடைப்பத்தை விட்டுவிட்டு அலுவலக நாற்காலிக்கு நழுவக் கூடாது என்றும் விதியில் எழுதிவிட்டால் போதும். வேலை மலிவாகவும் நிச்சயமற்றதாகவும் இருக்கும்வரை அது சேரிக்கு மட்டுமே உரியதாக இருக்கும். குத்தகைக்காரரிடம் ஒப்படைப்பது யாரையும் மீட்பதில்லை.

இதற்குச் சட்டமன்றம் புதிதாக வானத்தை வளைக்க வேண்டியதில்லை. 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை செய்தவரை நிரந்தரப்படுத்த வேண்டும் என்று 1981இலேயே ஒரு சட்டத்தை இதே தமிழ்நாடு சட்டமன்றம் இயற்றியது. உள்ளாட்சிகளின் தூய்மைப் பணிக்கு, ஒப்பந்தக்காரர் மூலம் வேலை செய்தாலும், இது பொருந்தும் என்று ஐயத்துக்கு இடமின்றி ஒரு திருத்தம் வேண்டும். அப்படி ஒரு தீர்மானத்தை நிறைவேற்றிக் கோட்டைக்கு அனுப்ப மாமன்றத்துக்கு எந்த அதிகாரியின் அனுமதியும் தேவையில்லை. கை தூக்கத் தெரிந்தால் போதும்.

பதிலுக்கு அரசு என்ன கொடுத்தது? 2020இல் அன்றைய முதல்வர் பழனிசாமி 'துப்புரவுப் பணியாளர்' என்பதைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றினார். கொரோனாவின்போது மாலை போட்டார்கள், கால் கழுவினார்கள். 2025 ஆகஸ்ட் 14 அன்று, கைது நடந்த மறுநாள், அன்றைய அமைச்சரவை காலை உணவு, காப்பீடு, சுயதொழில் கடன் மானியம் என்று அறிவித்தது. எல்லாம் தேவைதான், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு கட்சிகளும் பெயர் கொடுத்தன, மாலை கொடுத்தன, சோறு கொடுத்தன; பணியிடத்தை மட்டும் கொடுக்கவில்லை. மற்றதெல்லாம் கருணைக் கணக்கில் எழுதலாம். பணியிடம் உரிமைக் கணக்கில் வரும். அதனால்தான் கை நடுங்குகிறது.

வாக்கையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனார்கள்

குப்பைக்கு அடுத்தது குடியிருப்பு. 1971இல் குடிசைப் பகுதிச் சட்டம் வந்தபோது சென்னையில் 1,202 பகுதிகள் குடிசைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஒன்றுகூட இல்லை. அறிவிக்கப்பட்ட இடத்தில் இருப்பவர்களை அங்கேயே வைத்து மேம்படுத்தச் சட்டம் வழி சொல்கிறது. அறிவிக்கப்படாத இடத்தில் இருப்பவர் 'ஆக்கிரமிப்பாளர்'. ஒரு கையெழுத்து போடாமல் விட்டதில் நகரத்தைக் கட்டியவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள்.

2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் போயின. கரையோர மாளிகைகள் அப்படியே நிற்கின்றன. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார். அதற்குப் பிறகுதான் அந்த மக்களுக்கு நகரத்துக்குள்ளேயே வீடு என்று சட்டமன்றத்தில் வாக்குறுதி வந்தது. ஒரு உயிர் எரிந்தால்தான் கோட்டைக்குக் கேட்கிறது என்றால், நடுவில் இருக்கும் மாமன்றம் எதற்கு?

பெரும்பாக்கத்தில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள். அது மாநகராட்சி எல்லைக்கு வெளியே, ஓர் ஊராட்சியில் இருக்கிறது. இதன் பொருளைக் கவனியுங்கள். சிந்தாதிரிப்பேட்டைக் கரையில் இருந்தவரை அந்தப் பெண் சென்னை வாக்காளர். ஒரு கவுன்சிலர் அவளிடம் ஓட்டுக் கேட்டு வர வேண்டியிருந்தது. இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் விட்டதும் அவள் இந்த நகரத்தின் மன்றத்துக்கு யாரும் இல்லை. காலையில் முதல் பேருந்தைப் பிடித்து மயிலாப்பூரில் பாத்திரம் தேய்க்க வருகிறாள். உழைப்பு சென்னைக்கு, ஓட்டு வேறு ஊருக்கு. ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய வரைபடத்தைச் சிமெண்டில் மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

இங்கே நகரம் கேட்க வேண்டியது தெளிவு. பட்டியலை மீண்டும் திறந்து விடுபட்ட பகுதிகளை அறிவிக்க வேண்டும். இருக்கும் இடத்திலேயே, முடியாவிட்டால் அருகிலேயே வீடு என்பதை அரசாணையாக இல்லாமல் சட்டமாக்க வேண்டும். மாமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் எந்த வாரியமும் எந்தக் குடியிருப்பையும் நகர எல்லைக்கு வெளியே தள்ளக் கூடாது என்று அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்க வேண்டும்.

கழிவுநீரும் அப்படியே. 1993 முதல் பதிவான மலக்குழி மரணங்களில் தமிழ்நாடுதான் இந்தியாவில் முதலிடம். சமூகநீதி மண் என்று மார்தட்டும் நமக்கு இந்த முதலிடம் இருக்கிறது. 2013இல் தடைச் சட்டம் வந்தது, 2014இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் இழப்பீடு என்றது, 2023 அக்டோபரில் 30 லட்சம் என்றது. சாவுக்கு விலை ஏறுகிறது, சாவு நிற்கவில்லை. வேலையைக் கொடுத்த நிறுவனத்தின் பொறுப்பு அதிகாரி மீதும் வீட்டு உரிமையாளர் மீதும் வழக்குப் பாய வேண்டும். குடிநீர் வாரியம் மாதாமாதம் மாமன்றத்தின் முன் வந்து எத்தனை இயந்திரம், எத்தனை ஆள் இறக்கம், எத்தனை விபத்து என்று பதில் சொல்ல வேண்டும். இதற்கும் சட்டத் திருத்தம்தான் தேவை. இதையும் கேட்க வாய்தான் தேவை.

மேயரைப் பற்றி ஒரு சொல்

இந்த இடத்தில் சில தோழர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். சென்னையின் முதல் தலித் பெண் மேயரின் காலத்தில் இப்படி எழுதலாமா? சாதி வெறியர்களுக்குத் தீனி போடுவது ஆகாதா?

2022 டிசம்பரில், மாண்டஸ் புயலுக்குப் பிறகு, முதல்வரின் வாகன அணிவகுப்பில் மேயரும் கமிஷனரும் வண்டியின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு போன படம் நினைவிருக்கும். அன்று அந்தப் பெண்ணை மட்டும் குறிவைத்து எழுதப்பட்ட கேலிகளில் எத்தனை சாதித் திமிரும் ஆண் திமிரும் இருந்தன என்பதை நாம் பார்த்தோம், பதில் எழுதினோம். அது சரியான வேலை, மறுபடி நடந்தால் மறுபடியும் செய்வேன்.

ஆனால் நான் அந்தப் படத்தில் பார்த்தது ஒரு தனிமனிதரை அல்ல. ஒரு நகரமே மாநிலத்தின் வண்டியில் தொங்கிக்கொண்டு போகிறது. 1937இல் இந்த நகரத்தின் மேயரான ஜெ. சிவசண்முகம் பிள்ளையும், 1945இல் மேயரான என். சிவராஜும் நம்மவர்கள்தான். சிவராஜ் அண்ணல் அம்பேத்கரோடு நின்று பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர். சிவசண்முகம் பிள்ளை பின்னாளில் சென்னை சட்டமன்றத்தின் சபாநாயகராகவே உட்கார்ந்தவர். அந்த நாற்காலியில் நம் பிள்ளை உட்கார வேண்டும் என்று நாம் ஆசைப்பட்டது படம் எடுத்துக்கொள்ள அல்ல. அங்கிருந்து நம் சொல் கோட்டைக்குப் போக வேண்டும் என்பதற்காக. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய 32 வார்டுகளின் கவுன்சிலர்களிடமும் இதே கேள்வியைக் கேட்கிறேன். ஆளுங்கட்சிக் கொறடாவின் முகத்தைப் பார்க்காமல், ஒரே ஒரு தீர்மானத்துக்காவது 32 கைகள் சேர்ந்து உயருமா?

சொந்தக் கட்சி ஆட்சியில் இருக்கும்போது எப்படிக் கேட்பது என்கிறார்கள். சொந்தக் கட்சியிடம் கேட்க முடியாது, எதிர்க்கட்சி ஆட்சி என்றால் கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள். அப்படியானால் எப்போதுதான் கேட்பது?

இப்போதுதான்

2026இல் சட்டமன்றத் தேர்தல். 2025இல் முதலமைச்சராக இருந்தவரின் கொளத்தூரும் துணை முதலமைச்சராக இருந்தவரின் சேப்பாக்கமும் இந்த நகரத்துக்குள்தான் இருக்கின்றன. எழும்பூரும் திரு.வி.க. நகரும் தனித்தொகுதிகள். சென்னையின் ஓட்டு இல்லாமல் கோட்டைக்குப் போகும் வழி கடினம். நகரம் கேட்பதற்கு இதைவிட நல்ல நேரம் வராது.

இதை வாசிக்கும் இளம் தோழர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நம்மில் பலருக்குச் சட்டமன்ற உறுப்பினரின் பெயர் தெரியும், கவுன்சிலரின் பெயர் தெரியாது. முதலில் அதைத் தெரிந்துகொள்வோம். மாமன்றக் கூட்டம் நடக்கும் முன் நான்கைந்து பேராகப் போய், எழுத்தில் ஒரு மனு கொடுப்போம். சட்டமன்றத்திடம் இந்த நகரம் வைக்கும் கோரிக்கைகளை வரிசைப்படுத்தி, மக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும். அந்த வரிசையில் முதலாவதாகத் தூய்மைப் பணியாளர் நிரந்தரம் இருக்க வேண்டும். இரண்டாவதாக மலக்குழி மரணத்துக்குப் பொறுப்பு, மூன்றாவதாக ஊரைவிட்டுத் துரத்தாத வீட்டுச் சட்டம். பட்டியல் சாதி, பழங்குடி வளர்ச்சி செயல்திட்டத்துக்கு 2024இல் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. அதே கணக்கை மாநகராட்சி பட்ஜெட்டிலும் தனி அத்தியாயமாகக் காட்ட வேண்டும். இது நான்காவது.

மனுவுக்குப் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள். கவுன்சிலர் மன்றத்தில் பேசினாரா என்று பாருங்கள். பேசவில்லை என்றால் அவர் பெயரோடு எழுதுங்கள். பேசினால் அதையும் பெயரோடு எழுதுங்கள், நன்றி சொல்லத் தெரிந்த இயக்கமாகவும் நாம் இருப்போம்.

இந்தத் தீர்மானம் நிறைவேறினால் உடனே சட்டம் வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. கோட்டை மறுக்கலாம், கிடப்பில் போடலாம். மறுக்கட்டும். யார் மறுத்தார்கள் என்று ஓட்டுக் கேட்டு வரும்போது சொல்லிக் காட்டலாம். இப்போது மாநகராட்சி அரசைக் காட்டுகிறது, அரசு நீதிமன்றத்தைக் காட்டுகிறது, நடுவில் என் அத்தை மூன்று அட்டைகளோடு நிற்கிறார். நான்காவது அட்டை அச்சாவதற்குள் யாராவது ஒருவர் கேட்டாக வேண்டும்.